நிறுத்தி வைத்தால் அடிக்கும் ஹாரன்

ஹாரன் அடியோடு செத்துப்போன வண்டியை ஓட்டுவது ஆபத்துதான். ஆனால் அதில் குழப்பம் இல்லை. அடிக்காது என்று தெரியும். சந்து முனைகளில் வேகத்தைக் குறைப்போம், அன்றைக்கே கடையில் விடுவோம். அடித்தாலும் அடிக்கும், அடிக்காமலும் போகும் என்கிற ஹாரன் அப்படியில்லை. அடிக்கும் என்று நம்பித்தான் கட்டைவிரல் போகிறது. 2025 மாசியிலிருந்து ஆனி வரைக்கும் அப்படி ஒரு ஹாரன் வைத்த ஸ்கூட்டரில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய் வந்தேன். அந்தக் கோளாறு எத்தனை பேர் கண்ணில் மண்ணைத் தூவியது, கடைசியில் எப்படிப் பிடிபட்டது என்று எழுதி வைக்கிறேன். இதே மக்கரோடு அலைகிற யாருக்காவது உதவும்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கம். வேலை முதலியார்பேட்டையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில், கணக்கு பார்ப்பது. போக 25 கிலோமீட்டர், வர 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு ஓடும் அக்காமார்கள், மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆல்பேட்டையில் ஒன்றையொன்று முந்தும் தனியார் பஸ்கள், தென்பெண்ணைப் பாலத்துக் காற்று, ரெட்டிச்சாவடி, புதுச்சேரி எல்லையில் முள்ளோடை, அப்புறம் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். நோணாங்குப்பம் பாலம் வந்துவிட்டால் முதலியார்பேட்டை வரை நெரிசல்தான். ஹாரனைச் சும்மா அடித்துக்கொண்டே போகும் பழக்கம் எனக்கு இல்லை. தேவையில்லாமல் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 1000 ரூபாய், அடுத்த தடவை 2000 ரூபாய் அபராதம் உண்டு. அது நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அடிப்பேன். அந்த ஐந்தாறு தடவையும் அடித்தாக வேண்டும்.

முதல் தடவை கைவிட்டது தவளக்குப்பத்தில். நின்றிருந்த டவுன் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வலது பக்கம் ஒடித்தேன். பஸ்ஸின் முகப்புக்கு முன்னாலிருந்து யூனிஃபார்ம் போட்ட பையன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். அவன் பார்வை எதிர்ப்பக்கம் இருந்தது. அமுக்கினேன். சத்தமே இல்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "தம்பி!" என்று கத்தினேன். அவன் திடுக்கிட்டுப் பின்னால் போனான். எங்களுக்கு நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். ஓரங்கட்டி, கை நடுக்கம் நிற்கிற வரை காத்திருந்து மறுபடி அமுக்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்தது.

அன்று மாலையே மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் அமுக்கிப் பார்த்தார், அடித்தது. "நல்லாத்தானே இருக்கு அக்கா" என்றார். ஆனாலும் ஹாரன் பின்னால் இருக்கிற சின்ன ஸ்குரூவைக் கொஞ்சம் திருகிக் கொடுத்தார். ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. பத்தாம் நாள் மறுபடி ஊமை. ஹாரனையே மாற்றினோம், 380 ரூபாய். இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் ஸ்விட்சைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள், ஒரு வாரம். வேறொரு கடையில் பேட்டரி வீக் என்றார்கள். அதையும் மாற்றினேன், 1450 ரூபாய். பத்து நாள். ஒவ்வொரு தடவையும் சரியானது, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்கு முன்னால் அடிக்கிற ஹாரனில் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

இந்தக் கட்டத்தில்தான் அப்பா வந்தார்.

அப்பா ரயில்வேயில் சிக்னல் மெயின்டெய்னராக இருந்தவர். பெரும்பாலான வருஷம் கடலூர் துறைமுகம் ஜங்ஷனில்தான் வேலை. விழுப்புரம் மயிலாடுதுறை லைனும் விருத்தாசலம் லைனும் சேருகிற ஸ்டேஷன் அது. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. நான் பேட்டரி மாற்றிவிட்டு வந்த அன்று செலவுக் கணக்கைக் கேட்டார். சொன்னேன். பேட்டரிக்குக் கொடுத்த பணம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"செல்ஃப் எடுத்துச்சா?"

"எடுத்துச்சுப்பா."

"செல்ஃப் மோட்டார் இழுக்குற கரண்டுக்கு முன்னால ஹாரன் எம்மாத்திரம்? மோட்டாரையே சுத்துற பேட்டரி ஹாரனை அடிக்காதா? இண்டிகேட்டரு, பிரேக் லைட்டு?"

"எல்லாம் எரியுது."

"உன் வண்டியில அதுவும் ஹாரனும் ஒரே ஃபியூஸ்தான். அப்ப ஃபியூஸும் தப்பு இல்ல. எல்லாம் சரி, அது அடிக்காதப்ப யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அவர் வேலையில் இருந்த காலத்தில் கோளாறுப் பதிவேட்டில் சிலர் 'பார்த்தபோது சரியாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். அப்பாவுக்கு அந்த வரியைக் கண்டாலே ஆகாது. பார்த்தபோது சரியாக இருந்தது என்றால் தப்பான நேரத்தில் பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம் என்பார். என் நாலு ரிப்பேர் பில்லும் அவருக்கு அந்த வரி மாதிரிதான் தெரிந்தது.

அன்று அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குள் தைத்துவிட்டது. ரயில்வேயில் தண்டவாளத்தில் ஓடுகிற மின்சாரம் ரிலே என்கிற மின்காந்த ஸ்விட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரயில் வந்து சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிட்டால் ரிலேக்கு மின்சாரம் போகாது, அது தன் எடையிலேயே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும் அதே கதைதான், பேட்டரி செத்தாலும் அதேதான். எது கெட்டாலும் சிவப்பு. கோளாறு தானே கையைத் தூக்கிக் காட்டும். "உன் ஹாரன்ல அந்த ஏற்பாடு கெடையாதும்மா. ஒயர் அறுந்தாலும் வண்டி பாட்டுக்கு ஓடும். நீ அமுக்குறப்பதான் தெரியும். அமுக்குறது எப்ப? ஆள் குறுக்க வர்றப்ப."

பையனுடைய முகம் ஞாபகம் வந்தது. அதுவரை இதை ஒரு செலவுப் பிரச்சினையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வண்டி நிற்கும்போது அடிக்கிறது, ஓடும்போது சில சமயம் அடிக்கவில்லை. நிற்பதற்கும் ஓடுவதற்கும் நடுவில் என்னென்ன மாறுகிறது என்று அப்பா விரல் விட்டு எண்ணினார். அதிர்வு, சூடு, ஈரம், ஹேண்டில் திரும்புவது. இந்த நாலில் எது என்று நீதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், நான் உன்கூட வண்டியில் வரப்போவதில்லை என்றார். கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு பழைய டைரியில் கோடு போட்டேன்: தேதி, இடம், வேகம், ரோடு எப்படி, ஹேண்டில் எந்தப் பக்கம். வழியில் ஒதுங்கின இடங்களிலும் சும்மா ஒரு தடவை மெல்ல அமுக்கிப் பார்த்து எழுதினேன்.

பதினோரு நாளில் ஒன்பது தடவை அடிக்கவில்லை. அதில் ஏழு தடவை ஹேண்டில் வலது பக்கம் திரும்பியிருந்தது: அலுவலகச் சந்துக்குள் நுழையும்போது, யூ டர்ன் அடிக்கும்போது, நிற்கிற வண்டியைச் சுற்றும்போது. மிச்சம் இரண்டும் வேகத்தடையில். இடது பக்கம் திரும்பும்போது ஒன்றுகூட இல்லை.

பட்டியலை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தார். சைடு ஸ்டாண்டில் நின்றது. சைடு ஸ்டாண்டு போட்டால் முன் சக்கரம் தானாக இடது பக்கம் சாய்ந்துகொள்ளும், நான் லாக் போடுவதும் இடது பக்கம்தான். கடைகளிலும் அப்படித்தான் நிறுத்தியிருப்பார்கள். நாலு மாதமாக அத்தனை பேரும் ஹேண்டிலை இடது பக்கம் வைத்துக்கொண்டுதான் அமுக்கிப் பார்த்திருக்கிறோம். ஹைவேயில் 50இல் போகும்போது ஹேண்டில் திரும்புவதே இல்லை, அதனால் அங்கேயும் அடித்தது. மெதுவாக, நெரிசலில், வலது பக்கம் ஒடிக்கும்போதுதான் அறுபட்டது. ஹாரன் வேண்டியிருப்பதும் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன் பேனலைக் கழற்றினோம். ஸ்குரூக்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்தோம். பிளாஸ்டிக் கிளிப்புகளை அவசரப்பட்டு இழுத்தால் உடைந்துவிடும், அதில் மட்டும் கால்மணி நேரம் போயிற்று. ஹாரன் வெளியே தெரிந்தது. ஹேண்டிலை வலது முனைக்குத் திருப்பி என்னை அமுக்கச் சொல்லிவிட்டு அப்பா ஆள்காட்டி விரலை ஹாரன் மேல் வைத்தார்.

அப்பாவுக்குக் காது மந்தம், மெஷின் போட்டிருக்கிறார். ஆனால் இது காதுக்கான வேலை இல்லை. ஹாரனுக்குள் கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஒரு காயிலும் ஒரு இரும்புத் தகடும் இருக்கின்றன. கரண்டு வந்தால் காயில் தகட்டை இழுக்கும். இழுத்த வேகத்தில் உள்ளே இருக்கிற கான்டாக்ட் பிரியும், கரண்டு நிற்கும், தகடு திரும்பும், கான்டாக்ட் மறுபடி சேரும். நொடிக்கு ஏறத்தாழ 400 தடவை இப்படி நடப்பதைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம். சத்தம் வராமல் விரலுக்கு 'டிக்' என்று ஒரு உதை மட்டும் தெரிந்தால் கரண்டு வருகிறது, ஆனால் ஒன்று ஹாரன் சிக்கியிருக்கிறது, இல்லை வருகிற கரண்டு போதவில்லை. விரலுக்கு ஒன்றுமே தெரியாவிட்டால் கரண்டே வரவில்லை. அப்பா விரலில் ஒரே ஒரு லேசான டிக். (அந்தக் காலத்துக் கார்களில் 'ஆவூகா' என்று அலறிய கிளாக்சன் ஹாரனை உருவாக்கிய அமெரிக்கர் மில்லர் ரீஸ் ஹட்சிசன், அதற்கு முன்பே காது கேளாதவர்களுக்காக மின்சாரக் கருவி செய்தவர். இதை அப்பாவிடம் சொன்னபோது, தகட்டை ஆட்டத் தெரிந்தவனுக்கு இரண்டும் ஒரே வேலைதானே என்றார்.)

அடுத்து மீட்டர். அப்பாவிடம் முள் வைத்த பழைய மீட்டர் இருக்கிறது. ஹாரன் ஒயரைக் கழற்றி, ஸ்விட்சை அமுக்கி, ஒயர் நுனியில் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் லேசாகத் துடித்ததே தவிர விழவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பல பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்றார் அப்பா. குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், திறக்காத வரைக்கும் உள்ளே அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்து வாளியில் பிடித்தால்தான் சொட்டுவது தெரியும். மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஹாரனோ இரண்டு மூன்று ஆம்பியர் இழுக்கும். ஒரு இழை செம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்குப் போதும், ஹாரனுக்குப் போதாது.

அதனால் ஹாரனுக்குப் பதிலாக ஒரு பல்பு மாட்டினோம். பழைய ஹெட்லைட் பல்பு, ஹை பீம் போனது, லோ பீம் நன்றாக இருந்தது. 12 வோல்ட், 35 வாட். அதாவது கிட்டத்தட்ட 3 ஆம்பியர், ஹாரன் இழுக்கிற அளவுதான். ஹாரன் விட்டு விட்டு இழுப்பதால் மீட்டர் முள் ஆடிக்கொண்டே இருக்கும், பல்பு சீராக இழுக்கும். இந்த ஒரு யோசனைக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். ஹாரன் ஸ்விட்ச் அமுங்கியே இருக்கும்படி என் கூந்தல் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இருட்டிவிட்டது. வாசல் விளக்கை அணைத்தோம்.

பல்பு பளிச்சென்று எரிந்து எதிர்ச் சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது. அப்பா ஹேண்டிலைப் பிடித்து, பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பைக் குறைக்கிற மாதிரி, மெல்ல மெல்ல வலது பக்கம் திருப்பினார். பாதி தூரம் வரை ஒன்றும் இல்லை. அப்புறம் சுவர் மஞ்சளானது. இன்னும் ஒரு விரற்கடை. பல்புக்குள் இழை மட்டும் அடுப்புத் தணல் மாதிரி சிவப்பாகத் தெரிந்தது, சுவரில் வெளிச்சமே இல்லை. முனைக்குப் போனதும் அதுவும் அணைந்தது. திரும்ப இடது பக்கம் கொண்டுவந்தார். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாலு மாதமாக ஒளிந்து விளையாடியது, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நின்றது.

இனி இடத்தைப் பிடிப்பது சுலபம். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் கடித்துவிட்டு, சிவப்பு முனையை வழி நெடுக வைத்துப் பார்த்தோம். ஹேண்டிலில், ஸ்விட்சை விட்டு வெளியே வருகிற இடத்தில் 12. கழுத்துக்குக் கீழே ஒயரில் ஒரு ஊசியைக் குத்தி அதில் வைத்தால் ஹேண்டில் திரும்பத் திரும்ப 9, 6, 2. ஆக, ஹேண்டிலிலிருந்து பாடிக்குள் ஒயர்கள் கட்டாக இறங்கும் கழுத்துப் பகுதிதான். கட்டைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து அந்த ஒயரை மட்டும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நகர்த்தி நகர்த்தி மடித்தார். நல்ல ஒயர் மடிக்கும்போது கொஞ்சம் எதிர்க்கும். ஒரு இடத்தில் எலும்பே இல்லாத மாதிரி தொய்ந்தது. வெளியே தோல் முழுசாக இருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்து, அங்கங்கே பச்சைக் களிம்பு. இழைகள் எல்லாம் முறிந்து இரண்டே இரண்டு பாக்கி.

எப்படி வந்தது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்றில் கேட் கீல் முதல் ஃபேன் ஸ்குரூ வரை எல்லாம் போகிறது. அதற்கு மேல் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அந்த மழையில் என் வண்டி ஃபுட்போர்டு வரை தண்ணீரில் நின்றது. அறுந்த நுனி வழியாகவோ, இணைப்பு வழியாகவோ ஈரம் உள்ளே போய்விட்டால் விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுகிற மாதிரி செம்பு இழைகள் அதை நெடுக உறிஞ்சிக்கொள்ளும். களிம்பேறிய செம்பு மொறுமொறுப்பாகிவிடும். தினமும் நூறு தடவை மடிகிற இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும்?

இப்போது பழைய நாலு ரிப்பேரையும் நினைத்துப் பாருங்கள். ஸ்குரூ திருகியபோது, ஹாரன் மாற்றியபோது, ஸ்விட்ச் பிரித்தபோது, பேட்டரிக்காகக் கவரைத் திறந்து மூடியபோது, ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் கை பட்டு அந்த ஒயர்க் கட்டு கொஞ்சம் அசைந்திருக்கிறது. முறிந்த இழைகள் சில நாளுக்கு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு மட்டும் கடைசியாகத் தொட்ட பாகத்தின் பேரில் எழுதப்பட்டுவிட்டது. எங்கள் தொழிலில் இதைத் தப்பான தலைப்பில் வைத்த பதிவு என்போம். கூட்டினால் சரியாக வரும், வருஷக் கடைசியில்தான் இடிக்கும். விட்டு விட்டு வரும் கோளாறு எதுவானாலும், 'சரியாகிவிட்டது' என்பதை நான் இனி ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதை வேண்டுமென்றே வரவழைத்து, வேண்டுமென்றே நிறுத்திக் காட்ட முடிந்தால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு.

ரிப்பேர் அரை மணி நேர வேலை. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரிகிற வரை வெட்டிக்கொண்டே போனோம், ஒரு சாண் போய்விட்டது. அறுந்த இடத்திலேயே பற்றவைக்கவும் கூடாது. ஈயம் ஏறிய ஒயர் குச்சி மாதிரி விறைத்துவிடும், அதற்கு அடுத்த இடத்தில் மறுபடி முறியும். அதனால் மடிகிற பகுதி முழுக்கப் புது ஒயர், மெல்லிய இழைகள் நிறைய உள்ள வகை. ஒரு இணைப்பு மேலே ஹேண்டில் கவருக்குள், இன்னொன்று கீழே ஹாரன் பக்கத்தில். இரண்டின் மேலும் ஸ்லீவ். ஹேண்டிலை இரண்டு முனைக்கும் திருப்பி, எந்தப் பக்கத்திலும் ஒயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்டினோம். ஊசி குத்திய ஓட்டையை என் நெயில் பாலிஷ் வைத்து அடைத்தார் அப்பா. விட்டால் அந்தத் துளி ஓட்டை வழியாகவே அடுத்த களிம்பு தொடங்கும். பாடியில் எர்த் சேரும் நட்டைக் கழற்றித் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கினோம். பக்கத்து ஒயர்களையும் ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தார். அவை எதிர்த்தன.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஹாரன் விட்டு விட்டு அடித்து, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்குக்குள் சுருளாக இருக்கிற கேபிளைச் சந்தேகப்படலாம். ஹாரனும் ஏர்பேகும் அதன் வழியாகத்தான் போகின்றன. அதை வீட்டில் பிரிக்காதீர்கள், ஏர்பேக் விளையாட்டுப் பொருள் இல்லை.

அதற்குப் பிறகும் டைரியை மூட அப்பா விடவில்லை. இன்னும் இரண்டு வாரம் எழுதச் சொன்னார். பதினான்கு நாளும் அடிக்காதது பூஜ்யம். "வெயில்ல ஓட்டுனது கணக்குல சேராது, மழைக்கப்புறம் பாப்போம்" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு முழுக்கக் கொட்டியது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு சாவியைப் போட்டேன். ஹேண்டிலை வலது முனைக்குத் திருப்பி அமுக்கினேன். அடித்தது. இடது முனை. அடித்தது. அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, முன் பேனலின் இடுக்கு வழியாக விரலை விட்டு ஹாரன் மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார். "வலது பக்கம்."